புதுப்பிப்பு: படகுப் பயணத் திட்டத்தில் மாற்றம்

இந்தப் பருவத்தில் கால்வாய், ஆறு வழியாக நாளுக்கு 40 கி.மீ. படகில் போகலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு தவறு. நீர்ப்பூட்டுகளை, அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறைகளை, நான் எண்ணவே இல்லை. அலை கரையை அரிக்காதிருக்க மணிக்கு 6 கி.மீ. வேகமே சரி. அந்த வேகத்தில் 40 கி.மீ. போகவே ஏறக்குறைய 7 மணி நேரம். வழியில் 12 பூட்டுகள். கதவை மூடி, நீர்மட்டம் சமமாகி, மறுபக்கம் திறக்க ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் என்றால் இன்னும் 3 மணி நேரம்! பொழுதெல்லாம் சுக்கானிலேயே கழியும். கரையோரம் நின்று பார்க்க நேரமில்லாத பயணம் எனக்கு வேண்டாம். இனி நாளுக்கு 20 கி.மீ.தான்.

ஆற்றுப் பகுதிகளுக்கு மட்டும் 5 நாள்கள் கூடுதலாக வைத்திருக்கிறேன். மழைக்குப் பின் நீரோட்டம் வலுத்தால், படகைக் கட்டிய இடத்திலேயே காத்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் உதவ, நங்கூரமும் வாங்கிவிட்டேன்.