குடியை விட்டால் ஓவியமும் போய்விடும் என்கிறான் தம்பி

கேள்வி:
அப்பா இறந்தபோது தம்பிக்கு ஆறு வயது. இப்போது அருமையாக வரைகிறான், கூடவே தினமும் குடிக்கிறான். கண்டித்தால் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க்கைக் காட்டுகிறான்: "அந்த வலியும் குடியும் இல்லாவிட்டால் 'அலறல்' ஓவியம் ஏது அக்கா?" இது உண்மைதானா?

பதில் 1:
வலியைப் பற்றிச் சொல்வது உண்மை. மூங்க்குக்கு ஐந்து வயதில், 1868-ல், அம்மா காசநோயில் போனார். 1877-ல் அதே நோய் அக்கா சோஃபியையும் கொண்டுபோனது. 'நோயுற்ற சிறுமி' அந்த அக்காவின் நினைவுதான். 1885-86-ல் அதை வரைந்தபோது பூசிய வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி பூசினார். அந்தக் கீறல்கள் இன்றும் படத்தில் தெரிகின்றன.

ஆனால் அந்த வீட்டில் சித்தி காரென் இருந்ததை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தாயில்லாப் பிள்ளைகளை வளர்த்தவர், தானும் படம் வரைபவர், மூங்க்கை வரையத் தூண்டியவர். அவரைச் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது.

குடி என்ன தந்தது? 1902-ல் காதலியோடு நடந்த சண்டையில் துப்பாக்கி வெடித்து இடது கை விரல் சிதைந்தது. 1908-ல் மனம் குலைந்து கோபன்ஹேகனில் டாக்டர் யாக்கோப்சனின் மருத்துவமனையில் சேர்ந்தார். எட்டு மாதம்.

பதில் 2:
'அலறல்' 1893-ல் வந்தது. நம்மை உலுக்கும் படங்கள் பெரும்பாலும் அந்தக் கொந்தளிப்புக் காலத்தவை. பின்னாளில் வரைந்தவை சாதுவானவை. தம்பி சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது.

பதில் 1 எழுதியவர்:
சாதுவா? ஆஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தில் உள்ள 'சூரியன்' சிகிச்சைக்குப் பிறகு வரைந்தது. சரி, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே இருக்கட்டும். 'நோயுற்ற சிறுமி'யை அவர் வண்ணத்தில் ஆறு முறை வரைந்திருக்கிறார். கடைசி இரண்டு 1920-களில், குடியில் சீரழிந்த காலம் முடிந்து பல வருடம் கழித்து. அக்காவை இழந்த துக்கம் அப்போதும் தீரவில்லை, அதை வரைய அவருக்குப் போதை தேவைப்படவும் இல்லை. 1944-ல், 80 வயதில் இறக்கும்வரை ஓவியராகவே வாழ்ந்தார். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் விட வேண்டும்.

கேட்டவர்:
வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியாது. நாளைக்கே அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் விசாரிக்கிறேன். அந்த ஆறு படங்களையும் அவனுக்குக் காட்டுகிறேன்.