தாத்தாவின் ஜீப் பிக்கப்: பழைய பெட்ரோலா, அப்பாவின் டீசலா?

கோத்தகிரிப் பேரன்:
வீட்டில் மகிந்திரா எஃப்.சி.150 ஜீப் பிக்கப் ஒன்று இருக்கிறது, 1969 மாடல். (எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. இருக்கா என்று கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம், அது முடிந்து பல வருடம் ஆகிறது.) இதற்கு முன்பக்க மூக்கே கிடையாது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் எஞ்சின். தாத்தா கேரட், உருளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனது இதில்தான். எஞ்சின் மூடிமேல் தூக்குவாளியை வைத்தால் கீழே போய்ச் சேரும்வரை சோறு ஆறாதாம். எண்பதுகளில் அப்பா பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மாட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார். இப்போது பாடி வேலை தொடங்கிவிட்டேன். டீசலையே ஓவர்ஹால் செய்வதா, 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோலுக்குத் திரும்புவதா?

பழைய இரும்பு:
இதில் கேள்வியே இல்லை தம்பி, பெட்ரோல்தான். ஹரிக்கேனில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். அப்படி ஒரு எஞ்சினை இனி யாரும் செய்யப்போவதில்லை. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதியையும் பாருங்கள். 50 வயது தாண்டிய வண்டி, எஞ்சினும் சேசிஸும் பாடியும் மாறாமல் இருக்கவேண்டும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். மாட்டடாரோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மலை ரோடு:
வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை வழக்கமான ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிடம் விட, அவ்வளவுதான். மண்டிக்குப் போன வண்டியைப் பொம்மையாக்கவா இத்தனை செலவு? அப்புறம் இன்றைக்கு பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஃப்யூயல் பம்ப் டயாஃபிரமும் ரப்பர் ஹோஸும் அதில் ஊறிப்போகும். தாத்தா ஓட்டியதைவிட அப்பா டீசலில் ஓட்டிய வருடங்கள்தான் அதிகம் இருக்கும். அதுவும் இந்த வண்டியின் கதைதானே?

பழைய இரும்பு:
டயாஃபிரமும் ஹோஸும் எத்தனால் தாங்கும் ரகத்தில் கிடைக்கின்றன. சின்ன விஷயம். அதைக் காட்டி ஒரு எஞ்சினையே தள்ளிவைப்பது சொத்தைப் பல்லுக்குத் தலையை எடுக்கிற கதை. கதை கதை என்கிறீர்களே, எடைக்கு என்ன சொல்கிறீர்கள்? இந்த ஜீப்பில் கேபினும் எஞ்சினும் முன் ஆக்ஸிலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. காலியாக இறங்கும்போது பிரேக் மிதித்தால் பின்சக்கரம் லேசாகிவிடும். அதன்மேல் கனமான டீசலை ஏற்றி, அதே பழைய டிரம் பிரேக்கில் கோத்தகிரி இறக்கம். மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரும் கிடையாது.

மலை ரோடு:
பிரேக்கில் நீங்கள் சொல்வது சரி. அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே லைன், ஒரு இடத்தில் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும். ஆனால் பெட்ரோல் போட்டாலும் அதே பெடல்தானே சார்.

லேத் பட்டறை:
ரெண்டு பேரும் சேசிஸைப் பார்க்காமலே சண்டை போடுகிறீர்கள். நான் இந்த மாற்றுவேலை நிறையப் பார்த்தவன். கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் போட்டிருப்பார்கள், அது பிரச்சினையில்லை, கழற்றிவிடலாம். எஞ்சினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் மவுண்டிங்கைத்தான் பாருங்கள். போல்ட் போட்டிருந்தால் தப்பித்தீர்கள். கேஸ் கட்டர் வைத்துக் குறுக்குச் சட்டத்தை அறுத்திருந்தால், எந்த எஞ்சின் என்பதற்கு முன்னால் அந்தச் சட்டத்துக்குத்தான் முதல் செலவு. பட்டி வைத்து மறைக்க விடாதீர்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

ஆர்.டி.ஓ. வாசல்:
ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே! அந்த வின்டேஜ் விதி சொந்த உபயோக வண்டிக்கு மட்டும். பிக்கப் என்றால் சரக்கு வாகனமாகப் பதிந்திருக்கலாம். எஞ்சின் மாற்றியதை எழுதிச் சேர்த்தார்களா என்பதையும் பாருங்கள்.

கோத்தகிரிப் பேரன்:
நேற்று ராத்திரி பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சரக்கு வாகனம் என்றுதான் இருக்கிறது. எஞ்சின் நம்பர் பழைய பெட்ரோல் எஞ்சினுடையது. டீசல் பற்றி ஒரு வரி கிடையாது.

மலை ரோடு:
அப்படியானால் வின்டேஜும் சந்தேகம், டீசலும் கணக்கில் இல்லை. என் கட்சிக்குத்தான் அடி பலம். இருந்தாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கோத்தகிரிப் பேரன்:
கேட்டேன். எஞ்சினை மாற்றிய பிறகு ஒரு மாதம் தாத்தா அவரோடு பேசவே இல்லையாம். “வித்துட்டேன்னு சொன்னேன். விக்கலை” என்றார். அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சின் பம்ப் ஷெட்டில், உரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். நம்பர் ஆர்.சி.யோடு சரியாக ஒத்துப்போகிறது. ஆனால் கிராங்க் சுற்றவில்லை, இறுகிவிட்டது. நாலு பிளக் துளையிலும் டீசல் ஊற்றி வைத்திருக்கிறேன்.

பழைய இரும்பு:
கடைசியில் அதற்கும் டீசல்தானா! ஒரு வாரம் ஊறட்டும். கடப்பாரை வைத்து நெம்பிவிடாதீர்கள்.