சுவரில் இருக்கும் டிவி கேபிளில் இணையம்: லைட் எரியவில்லையா, முதலில் ஸ்ப்ளிட்டரைத் தேடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து புதிதாக அமெரிக்கா போனவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஊர் திரும்பி இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். இங்கே அப்பா அம்மாக்கள் என்னைப் பார்த்தால் சொல்வது ஒன்றுதான்: "பையன் பேசிக்கிட்டே இருக்கான், வீடியோ அப்படியே நின்னுடுது." விசாரித்தால் பையன் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருக்கிறான், ரவுட்டர் மாடியில் இருக்கிறது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைத்து லேன் வயர் இழுக்க ஓனர் விடமாட்டார். ஆனால் அந்த ஊர் வீடுகளில் பலவற்றில் அறைக்கு அறை டிவி கேபிள் பாயின்ட் இருக்கும். அதில் மோக்கா அடாப்டர் (டிவி கேபிள் வழியாகவே நெட்டை அனுப்பும் சின்னக் கருவி) இரண்டு போட்டால் போதும். ஒன்று ரவுட்டர் பக்கத்தில், இன்னொன்று உங்கள் அறையில். மோக்கா 2.5 என்று பார்த்து வாங்குங்கள், உச்சத்தில் 2.5 கிகாபிட் வரை போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 1.1 வாங்க வேண்டாம்.

மாட்டியதும் அடாப்டரில் கோஆக்ஸ் (அந்த டிவி கேபிளைத்தான் அப்படிச் சொல்வார்கள்) லைட் எரியவில்லை என்றால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு அடாப்டரையும் ஒரே மேசையில் வைத்து, சின்ன கேபிள் துண்டு ஒன்றால் நேராக இணைத்துப் பாருங்கள். லைட் வந்துவிட்டதா? அப்படியானால் அடாப்டர் நல்லது, சிக்கல் சுவருக்குள்.

சுவருக்குள் என்றால் பெரும்பாலும் ஸ்ப்ளிட்டர்தான், ஒரு கேபிளைப் பல அறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. நம்மூர் கேபிள்காரர் கம்பத்தில் கட்டிவைக்கிறாரே, அதே டப்பா. அங்கே பேஸ்மென்ட், கராஜ், துணி அலமாரிக்குள் இருக்கும் பெட்டி, வெளிச்சுவரின் சாம்பல் நிறப் பெட்டி, இப்படி எங்காவது ஒளிந்திருக்கும். அதன் மேல் 5-1000 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். மோக்கா ஓடுவது 1125-லிருந்து 1675 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய ஸ்ப்ளிட்டர் அந்த அலைவரிசைக்குச் செய்யப்பட்டதல்ல. சில சமயம் ஓடும், ஆனால் வேகம் பாதியாகும், மழைக்காலத்து கரன்ட் மாதிரி வந்து வந்து போகும். 5-1675 என்று போட்டது வேண்டும். எட்டு வாய் உள்ளதை வாங்கி ஐந்தை சும்மா விடாதீர்கள். ஒவ்வொரு பிரிப்பிலும் சிக்னல் குறையும். இரண்டாகப் பிரித்தாலே 3.5 டெசிபல் போய்விடும். காலி வாய்க்கு 75 ஓம் மூடி போடுங்கள். ஸ்ப்ளிட்டருக்குத் தனியாக கரன்ட் போகிறதா? அப்போது அது ஆம்ப்ளிஃபையர். மோக்காவுக்கென்று செய்ததாக இல்லாவிட்டால் வழிமறிக்கும்.

இன்னொன்று, பலர் தேடிக் களைத்துப் போவது: உங்கள் அறை வயர் அந்தப் பெட்டிக்குள் எதிலுமே மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாட்டும்போது கையால் முறுக்கியது போதாது, 7/16 அங்குல ஸ்பேனரால் லேசாக ஒரு இழுப்பு. வெளியே பெட்டியில் போகும் எர்த் வயரை மட்டும் கழற்றாதீர்கள்.

ஃபில்டர் பற்றி. இணையமே கேபிள் வழியாக வருகிறது என்றால், வெளி லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் ஒரு பிஓஇ (பாயின்ட் ஆஃப் என்ட்ரி) ஃபில்டர் வேண்டும். உங்கள் சிக்னல் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுக்கும், திருப்பியும் அனுப்பும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கூடவே அடாப்டரில் பாஸ்வேர்டும் போடுங்கள். அடாப்டர் மாட்டியபின் மோடம் அடிக்கடி விட்டுப்போகிறதா? டாக்சிஸ் 3.1 (கேபிள் இணையத்தின் ஒரு தரம்) மோடம் 1218 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், மோக்காவும் அதுவும் மோதிக்கொள்கின்றன. மோடத்தின் பின்பக்கமும் ஒரு ஃபில்டர் மாட்டினால் சரியாகும். ஃபைபர் வைத்திருந்து, கோஆக்ஸை வேறு எதற்கும் பயன்படுத்தாதவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. வெளி லைனைக் கழற்றிவிடலாம். சாட்டிலைட் டிஷ் ஓடும் அதே வயரில் மட்டும் மோக்கா போடாதீர்கள், டிஷ்ஷும் அதே அலைவரிசையில்தான் இறங்குகிறது.

ஊத்தங்கரை தம்பி கேட்டது: "அண்ணா, அடாப்டர் மாட்டியதும் வீடு முழுக்க நெட் போயிடுச்சு." கம்பெனி கொடுத்த மோடத்துக்குள்ளேயே மோக்கா இருந்திருக்கும் தம்பி. அதுவும் ஓடி, நீங்கள் பக்கத்தில் இன்னொரு அடாப்டரை லேன் வயரில் மாட்டினால் சுற்று உண்டாகி எல்லாம் முடங்கும். மோடம் செட்டிங்கில் உள்ளதை அணையுங்கள், அல்லது அந்த அடாப்டரை எடுத்துவிட்டு உள்ளதையே பயன்படுத்துங்கள். இரண்டாவது வழியில் ஒரு அடாப்டர் காசும் மிச்சம்.

ஓசூரிலிருந்து போன தங்கைக்கு: வேகம் சரியாக 94, 95 மெகாபிட்டிலேயே நிற்கிறது என்றால் கோஆக்ஸைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. எங்கோ லேன் இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது. லேன் வயரை மாற்றிப் பாருங்கள், மலிவான வேலை.

அப்புறமும் வரவில்லை என்றால் ஸ்ப்ளிட்டர் மேல் உள்ள எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். எந்த வயர் எந்த வாயில் போகிறது என்பதும் தெரிய வேண்டும். வெறுமனே "நெட் வரலை" என்று போட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.