மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை எந்தப் பட்டியலில் வைப்பது?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். வரும் சனிக்கிழமை தோ பாயோவில் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) கேட்கப் போகிறோம். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழு 1971இல் போட்ட முதல் ஆல்பத்தை நான் சேர்த்தேன், அது ஜாஸும் ராக்கும் கலந்த ஃபியூஷன், எடுத்துவிடு என்கிறார் ஒரு அண்ணன். ஒற்றைப்படைத் தாளம், நீண்ட பகுதிகள், வயலின் எல்லாம் புரோகிரசிவ் ராக் குழுவான கிங் கிரிம்சனிலும் உண்டே! இன்னொரு புரோகிரசிவ் ராக் குழுவான ஜெனிசிஸின் டிரம்மர் ஃபில் காலின்ஸே பிராண்ட் எக்ஸ் என்ற ஃபியூஷன் குழுவில் வாசித்தவர்தானே. சரி, ஃபியூஷனில் தனி ஆவர்த்தனம் போல மனோதர்மம் அதிகம், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வெளியே தள்ளிவிடலாமா? இரண்டையும் ஊறிக் கேட்டவர்கள் எல்லைக்கோட்டை எங்கே போடுவீர்கள்? வெள்ளிக்குள் சொன்னால் பட்டியலை முடித்துவிடுவேன்.