பண்டிகை மிட்டாயை வெச்சுக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவம் இருக்கா?

நியூஜெர்சி அப்பா:
பிள்ளைங்க வீடு வீடாப் போய் மிட்டாய் வாங்கற ஹாலோவீன் பண்டிகைக்கு மறுநாள். பை நிறைய மிட்டாய். பாப்பாவுக்கு நாலரை வயசு. எல்லாரும் செய்யறதுதானேன்னு, ஜெம்ஸ் மாதிரி இருக்கற எம் அண்ட் எம் மிட்டாயைக் கொட்டி ரெண்டு வரிசை வெச்சேன். அவளுக்கு ஏழு, எனக்கு ஏழு. சரியா எண்ணினா. அப்புறம் என் வரிசையை மட்டும் கொஞ்சம் அகட்டி வெச்சேன். "இப்ப யாருக்கு நிறைய?" "உனக்கு." திரும்ப எண்ணச் சொன்னேன். ஏழு, ஏழு. "அப்ப யாருக்கு நிறைய?" "உனக்குத்தான்பா." நான் சிரிச்சுட்டேன். அவ ஒண்ணும் பேசாம தன்னோட ஏழையும் தள்ளித் தள்ளி வெச்சா, மேசை விளிம்பு வரைக்கும். கடைசி மிட்டாய் கீழே விழுந்துடுச்சு. அப்ப அவ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஒண்ணாப்பு டீச்சர்:
எங்க வகுப்புல தீபாவளிக்கு முந்தின நாள், தேன்மிட்டாய். 2022-ல தமிழ்நாட்டு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து குச்சி, மணின்னு எதையாவது கையில கொடுத்துத்தான் கணக்கே. அன்னைக்கு மிட்டாய். அஞ்சு கொடுத்து, ரெண்டைச் சாப்பிடச் சொல்லி, "இப்ப எத்தனைடா?"ன்னேன். "அஞ்சு டீச்சர்." "எண்ணிப் பாரு." கையைப் பார்க்கவே இல்ல. "மூணு கையில இருக்கு, ரெண்டு வயித்துல இருக்கு." தப்புன்னு சொல்ல வாய் வரல. சரின்னும் சொல்லல. மணி அடிச்சுட்டாங்க.

கணக்குப்பித்து:
நியூஜெர்சி சார், தப்பு பாப்பா மேல இல்ல, உங்க கேள்வி மேல. குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச உளவியலாளர் பியாஜேவோட சோதனையை அப்படியே செஞ்சிருக்கீங்க. அந்த வயசுல நீளமா இருக்கறதுதான் நிறைய. 1967-ல மேலர், பெவர்னு ரெண்டு பேர் இதையே எம் அண்ட் எம் வெச்சுச் செஞ்சாங்க. குட்டை வரிசையில ஆறு, நீள வரிசையில நாலு. எது நிறையன்னு கேக்காம, பிடிச்ச வரிசையை எடுத்துச் சாப்பிடுன்னாங்க. ரெண்டு, மூணு வயசுப் பிள்ளைங்ககூட பெரும்பாலும் ஆறைத்தான் எடுத்துச்சு. பியாஜே அடுத்த வருஷமே மறுத்து எழுதினார், அது தனிக்கதை. நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்க. இன்னொண்ணு, நாலு வயசுக்குக் கீழே தம்பி தங்கச்சி இருந்தா கெட்டி மிட்டாய், உருண்டை மிட்டாய் எதுவும் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில அடைச்சுக்கும். எண்ணி முடிச்சதும் வாய் கொப்பளிக்க வைங்க. மிட்டாயே எதுக்கு, புளியங்கொட்டை போதாதா? ஒரு பக்கத்தைத் தேய்ச்சு வெள்ளையாக்கினா தாயம்கூட விளையாடலாம். என் பையன் ஜெம்ஸை எண்ணுவான், பத்தைத் தாண்ட மாட்டான். அதுக்குள்ள தீர்ந்துடும்.

மூணு பேரப்பிள்ளை பாட்டி:
புளியங்கொட்டையை மூக்குல போட்டுக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டர்கிட்ட ஓடினது எங்க வீட்டுலதான் தம்பி. மிட்டாயா இருந்தா கரைஞ்சாவது போயிருக்கும். டீச்சர், உங்க பையன் சொன்னது சரிதாம்மா.

நியூஜெர்சி அப்பா:
கணக்குப்பித்து சொன்னபடி நேத்து வெச்சுப் பார்த்தேன். குட்டை வரிசையில ஆறு, நீளத்துல நாலு. "எது வேணும், எடுத்துக்கோ." ரொம்ப நேரம் பார்த்தா. நாலைத்தான் எடுத்தா. ஏன்னு கேட்டதுக்கு, அதுலதான் நீலம் ரெண்டு இருக்காம். நான் நிறத்தைக் கவனிக்கவே இல்ல.