மீன் சேமிக்க டீப் ஃப்ரீசர்: பனி படியாத வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நெய்தல்வாசி, நாகப்பட்டினம்

அனைவருக்கும் வணக்கம். வஞ்சிரம், பாறை, இறால் ஆகியவற்றைச் சுத்தம் செய்து, துண்டு போட்டு, பொட்டலமாக்கி வீட்டிலிருந்தே விற்று வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே மீனை வாங்கிச் சேமிக்க வேண்டியிருப்பதால், 300 லிட்டர் கொள்ளளவில் மேல்மூடி டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். கடைக்காரர் சாதாரண வகையையும், கணிசமாக விலை கூடிய ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையையும் காட்டி, கடற்கரை ஊரில் ஐஸ் கட்டாத பெட்டிதான் சரிப்படும் என்கிறார். நான் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் மூடியைத் திறக்க மாட்டேன். அவர் சொல்வது எந்த அளவுக்குச் சரி?

பதில்: குளிர்பதனப் பணியாளர், தூத்துக்குடி

அம்மா, பெட்டிக்குள் படியும் பனி பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து வருவது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். மூடியைத் திறக்கும்போது அதில் 100 லிட்டர் உள்ளே புகுந்தால், சுமார் இரண்டரை கிராம் நீர் சுவரில் பனியாகப் படியும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், மேல்மூடிப் பெட்டியைத் திறந்தாலும் அது அடியிலேயே தங்கிவிடுகிறது. முன்கதவு உள்ள பெட்டியில்தான் அது கொட்டிப் போகும். ஆகவே உங்களைப் போல் குறைவாகத் திறப்பவருக்குச் சாதாரண வகையே போதுமானது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் விசிறி குளிர்காற்றைச் சுழற்றுகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயில் எனப்படும் குளிர்க்குழாய்ச் சுருளில் படிந்த ஐஸை ஹீட்டர் உருக்குகிறது. அதற்கு மின்சாரம் செலவாகிறது என்பது ஒருபுறமிருக்க, ஓடிக்கொண்டே இருக்கும் அந்த வறண்ட காற்றும் ஏறி இறங்கும் வெப்பநிலையும் மாதக்கணக்கில் வைத்திருக்கும் மீனின் ஈரத்தை உறிஞ்சி, சரியாக மூடப்படாத துண்டுகளின் ஓரங்களை வெளுத்து நார்போல் ஆக்கிவிடும். உங்கள் தேவைக்கு அந்த வசதி பலனைவிடப் பாதகத்தையே அதிகம் தரும் என்பது என் உறுதியான கருத்து. லோ ஃப்ராஸ்ட் என்று விற்கப்படுபவை பனியைக் குறைக்குமே தவிர, அறவே நீக்கா.

அந்தப் பணத்தை நல்ல பெட்டிக்குச் செலவிடுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம். அது வழியாக வெப்பம் உள்ளே இறங்கும். தடித்த சுவரும் ஹார்டு டாப் எனப்படும் கெட்டி மூடியும், அடியில் தண்ணீர் வடியும் துளையும் உள்ளதா என்று பாருங்கள். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் எனப்படும் மூடியின் ரப்பர் விளிம்பு சரியாக அமரவில்லை. வெப்பநிலை வகை (கிளைமேட் கிளாஸ்) ‘டி’ (T) என்று குறித்திருந்தால், 43 டிகிரி வரையிலான சூழலுக்கு ஏற்றது.

பதில்: உறைஉணவுக் கடை, கும்பகோணம்

மேலே உள்ள பதில் வீட்டுக்குப் பொருந்தும், கடைக்குப் பொருந்தாது. எங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் நாள் முழுதும் மூடியைத் திறந்தபடியே இருப்பார்கள். சாதாரணப் பெட்டியில் பனி தடித்துப் பொருள் வைக்கும் இடமே சுருங்கிவிடும், விற்பனை நேரத்தில் அதை அணைத்து உருக்கவும் முடியாது. சரக்கு சில நாட்களிலேயே தீர்ந்துவிடுவதால் காய்ந்துபோகும் கவலையும் இல்லை. எங்களுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானதே.

கேட்டவர்: நெய்தல்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. சாதாரண வகையையே வாங்கினால், பனியை எப்போது, எப்படி அகற்றுவது? கத்தியால் சுரண்டலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

பதில்: குளிர்பதனப் பணியாளர்

கத்தியை அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். குளிர்க்குழாய்கள் உட்சுவருக்குப் பின்னாலேயே ஓடுகின்றன. ஒரு துளை விழுந்தால் வாயு வெளியேறிப் பெட்டியே வீணாகும், இப்போதைய பல பெட்டிகளில் உள்ள ஆர்600ஏ வாயு தீப்பற்றக்கூடியதும்கூட. பனி அரை சென்டிமீட்டர் தடிப்பை எட்டும்போது சரக்கை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்து வைத்து, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வையுங்கள். ஐஸ் தானாகவே பாளம் பாளமாகக் கழன்று வரும். சரக்கு குறைந்து போகும் தடைக்காலத்தின் கடைசி வாரம் இதற்கு ஏற்ற நேரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 300 லிட்டர் என்பது சேமிக்கும் அளவுதான். ஒரு நாளில் எத்தனை கிலோவை உறைய வைக்கும் என்பது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதை மீறிப் பச்சை மீனை ஒரே நாளில் அடுக்கினால் மெதுவாக உறைந்து, உருகும்போது சதை தளர்ந்து நீர் விடும். நீரை நன்கு வடித்து, காற்றுப் புகாத உறையில் தட்டையாக அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். கொழுப்பு மிகுந்த மத்தியையும் கானாங்கெளுத்தியையும் முதலில் விற்றுவிடுங்கள். அவை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.