ஹோலோடைப்புக்கு 'மூலமாதிரி' வேண்டாம், 'பெயர்ச்சான்று'னு வச்சுக்கலாம்

புதுசா கண்டுபிடிச்ச ஒரு குட்டி அந்துப்பூச்சிய தமிழ்ல விவரிக்கணும்னா ஹோலோடைப்ப, அதாவது புதுப் பெயருக்கு ஆதாரமா குறிச்சு வைக்கிற அந்த ஒத்த பூச்சிய, என்னன்னு சொல்றது? இதுவரைக்கும் மூலமாதிரி, முதன்மாதிரி, வகைமாதிரின்னு மூணு சொல் வந்திருக்கு. மூணுலயும் வர்ற அந்த 'மாதிரி'தான் எனக்கு இடிக்குது. மாதிரின்னாலே, இத ஒண்ண பாத்தா போதும் மத்ததும் இப்படித்தான் இருக்கும்னு தோணும். ஹோலோடைப் அந்த வேலைய செய்யவே இல்லையே. ஒரு சிற்றினத்துல முக்கால்வாசி பூச்சிக்கு முன்னிறக்கையில வெள்ளைப் பட்டை இருக்கு, கொஞ்சத்துக்கு இல்லன்னு வச்சுக்குவோம், விவரிக்கிறவர் கையில அன்னைக்கு இருந்தது பட்டை இல்லாத ஒத்த ஆண் பூச்சின்னா அதுவே ஹோலோடைப் ஆயிடும், பின்னாடி பட்டையோட எத்தன வந்தாலும் அது மாறாது. அந்த இனத்துலயே சிறந்தது, சராசரியானதுங்கிற அர்த்தம் எதுவும் அதுக்கு கெடையாது. ஒரு பெயர் எந்த உடம்போட கட்டியிருக்குன்னு காட்டுற கட்டுத்தறி அது, அவ்வளவுதான்.

அதனாலதான் 'பெயர்ச்சான்று'னு சொல்றேன்.

குட்டி அந்துப்பூச்சி விஷயத்துல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். இலைக்குள்ளயே சுரங்கம் மாதிரி குடைஞ்சு வளர்ற சில வகைங்க இறக்கைய முழுசா விரிச்சாலே 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெளியில பாத்தா ரெண்டு சிற்றினத்த பிரிக்கவே முடியாம போகும். வயித்துப்பகுதிய தனியா எடுத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல போட்டு, சதை கரைஞ்சதும் செதில தட்டி சுத்தம் பண்ணி சாயம் ஏத்தி கண்ணாடி ஸ்லைடுல வச்சு பாத்தாத்தான் இணைசேரும்போது பெண்ணப் பிடிக்கிற ஆணோட பற்றுமடல் எப்படி வளைஞ்சிருக்கு, பெண்ணோட விந்துப்பைக்குள்ள முள்தகடு இருக்கா இல்லையான்னு தெரியும். இப்ப ஒருத்தர் இருபது பூச்சிய ஒண்ணா வச்சு ஒரே புது சிற்றினம்னு பெயர் வைக்கிறாரு, பல வருசம் கழிச்சு இன்னொருத்தர் எல்லாத்தையும் அறுத்துப் பாக்கும்போது அதுல ரெண்டு இனம் கலந்து கெடக்குதுன்னா பெயர் யாருக்கு போகும்? எண்ணிக்கை எந்தப் பக்கம் அதிகம், எது அழகா இருக்குன்னெல்லாம் பாக்க மாட்டாங்க, ஹோலோடைப் எந்தப் பக்கம் இருக்கோ பெயர் அந்தப் பக்கம், மிச்சத்துக்கு வேற பெயர் தேடணும். கலைச்சொல் இத சொல்லணும்ல. 'மூலமாதிரி'ய படிக்கிற மாணவருக்கு இது புரியவே புரியாது, மத்த பத்தொம்பதும் அதோட நகல்னுதான் நெனைப்பாரு.

நெசமாவே நடந்த ஒண்ணும் இருக்கு, அந்துப்பூச்சி இல்ல, வண்ணத்துப்பூச்சிதான். கோஸ்டா ரிக்காவுல அஸ்ட்ராப்டஸ் ஃபுல்கெரேட்டர்னு 18-ஆம் நூற்றாண்டுல வச்ச ஒரே பெயருக்குள்ள பத்து சிற்றினம் ஒளிஞ்சிருக்குன்னு 2004-ல டிஎன்ஏ வச்சு எழுதினாங்க. புழு வேற, புழு திங்கிற செடி வேற, ஆனா வளந்த பூச்சி எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். பத்துன்னு சொன்னதுமே பழைய பெயர் இதுல எதுக்குன்னு கேள்வி வந்துடுதுல்ல, அதுக்கு பதில் சொல்ல சான்றுகிட்டதான் போயாகணும்.

'சான்று'ங்கிறது வவுச்சருக்குத்தானே பொருந்தும், ரெண்டும் குழம்பாதான்னு யாராவது கேட்டா அது நியாயமான கேள்விதான். வவுச்சர்ங்கிறது இந்த ஆய்வுல நாங்க பாத்தது இதத்தான்னு காட்ட எடுத்து வைக்கிறது, அத 'பதிவுமாதிரி'ன்னு வைக்கலாம், அங்க மாதிரி சரியாவே பொருந்துது. சான்றுங்கிற சொல்ல பெயர் சம்பந்தப்பட்டதுக்கு மட்டும் ஒதுக்கிட்டா மத்ததும் தன்னால வரிசையா வந்துடுது பாருங்க. ஹோலோடைப்போட சேத்து விவரிப்புல குறிச்ச மத்த பூச்சிங்க பாராடைப், அதுக்கு துணைச்சான்று. பழைய காலத்துல ஒண்ண மட்டும் தனியா குறிக்காம பலத சேத்து வச்சிருந்தா அது சின்டைப், அதுக்கு கூட்டுச்சான்று. அந்தக் கூட்டத்துலேருந்து பின்னாடி ஒருத்தர் ஒண்ண தேர்ந்தெடுத்தா லெக்டோடைப், தேர்சான்று. எல்லாமே தொலைஞ்சோ எரிஞ்சோ போய் புதுசா ஒண்ண நியமிச்சா நியோடைப், மாற்றுச்சான்று. துணைச்சான்றுக்கு பெயரத் தாங்குற உரிமை கெடையாதுங்கிறத மட்டும் விளக்கத்துல தவறாம எழுதணும்.

இன்னொரு வசதியும் இருக்கு. இந்தப் பூச்சிங்கள்ல ஹோலோடைப் ஒரே துண்டா இருக்காது, உடம்பு நுண்ணூசியில குத்தி ஒரு பெட்டியில இருக்கும், வயிறு ஸ்லைடுல வேற எங்கயோ இருக்கும், டிஎன்ஏவுக்கு எடுத்த கால் ஒரு குழாய்ல இருக்கும், ஸ்லைடு நம்பர ஹோலோடைப்னு காட்டுற சிவப்பு லேபிளோட சேத்து எழுதி வச்சாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். மூணு எடத்துல இருக்குறத 'ஒரே சான்றின் பகுதிகள்'னு சொன்னா எங்கயும் உறுத்தல.

டயக்னோசிஸ் பத்தியும் சொல்லிடறேன். அகராதிய திறந்தா நோயறிதல்னு வரும், பூச்சிக்கு என்ன நோய். பக்கத்து சொந்தங்கள்கிட்டேருந்து இது எதுல வேறுபடுதுன்னு சுருக்கமா சொல்றதுதானே அது, அதனால 'வேறுபாட்டுக்குறிப்பு'. முழுசா தலையிலேருந்து வால் வரைக்கும் எழுதுறது 'விவரிப்பு'. ரெண்டையும் ஒரே சொல்லுல அடைக்க வேண்டாம், ஏன்னா 1930-க்கு அப்புறம் வந்த பெயருக்கு வேறுபடுத்திக் காட்டுற வார்த்தைகள் கூட இருக்கணும்னு விலங்குகளுக்குப் பெயர் வைக்கிற பன்னாட்டு விதியே கேக்குது. ஆங்கிலத்துல 'மாத்'னு (moth) சொல்ற பூச்சிக்கு விட்டிலா அந்துவான்னு பெருசா இழுக்க வேண்டாம், விட்டில்னா வெட்டுக்கிளிங்கிற பொருளும் அகராதியில இருக்கு, பாடப்புத்தகத்துல அந்துப்பூச்சி நல்லா ஊறிடுச்சு, அதுவே இருக்கட்டும்.

இதெல்லாம் வெறும் மொழிபெயர்ப்புக்குத்தானேன்னு நெனைக்கிறவங்களுக்காக ஒண்ணு. விலங்குகளோட விதியில விவரிப்பு இந்த மொழியிலதான் இருக்கணும்னு கட்டாயமே இல்ல, பரவலா பயன்படுற மொழியில எழுதுங்கன்னு பரிந்துரைதான் இருக்கு. சிற்றினப் பெயர் லத்தீன் எழுத்துல இருக்கணும், 1999-க்கு அப்புறம்னா புதுப்பெயர்னு வெளிப்படையா சொல்லணும், ஹோலோடைப்ப குறிச்சு அது எந்த சேகரிப்புல இருக்குன்னும் எழுதணும், மின்பதிப்பா மட்டும் வந்தா விலங்குப்பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்க்ல பதிவு பண்ணியிருக்கணும். இதெல்லாம் இருந்தா தமிழ்ல எழுதின விவரிப்பும் செல்லும். அப்படி எழுதுற ஒருத்தருக்கு, 'பெயர்ச்சான்று: ஆண், வயிற்றுப்பகுதி ஸ்லைடில், துணைச்சான்றுகள்: இரண்டு பெண்கள், அதே இடம்' அப்படின்னு தயங்காம ஒரு வரி எழுத முடியணும்னு எனக்கு ஆசை.

அலோடைப்புக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் கெடைக்கல. ஹோலோடைப்போட எதிர்பால் பூச்சி ஒண்ண தனியா குறிக்கிறது அது, விதிப்படி அதுக்கும் பெயரத் தாங்குற உரிமை இல்ல. 'இணைச்சான்று'ன்னா சோடின்னு தோணுது, ஆனா ஹோலோடைப்புக்கு சமமானதுன்னு யாரும் எடுத்துக்குவாங்களோன்னும் இருக்கு. 'எதிர்பால் துணைச்சான்று' நீளம்தான், இருந்தாலும் தப்பா படிக்க வழியில்ல. இத விட சுருக்கமா யாருக்காச்சும் தோணினா சொல்லுங்க.